பள்ளிக்குப் போன ரோபோவும் அலமாரியில் தூங்கிய ரோபோவும்

[திரை: சுவரில் பிள்ளையின் உயரத்தைக் குறிக்கும் பென்சில் கோடுகள். கோடுகள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன.]

குரல்: வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படிக் கோடு போட்டு வைப்பார்கள். டாக்டர் டென்மா வீட்டுச் சுவரில் கோடு போட்டிருந்தால், அது முதல் கோட்டோடு நின்றிருக்கும்.

டென்மா ஒரு ஜப்பானிய மங்காவில், அதாவது படக்கதையில், வரும் விஞ்ஞானி. கார் விபத்தில் மகன் டோபியோவைப் பறிகொடுக்கிறார். துக்கம் தாளாமல் அவனை அப்படியே உரித்துவைத்தாற்போல் ஒரு ரோபோவைச் செய்கிறார். கொஞ்சுகிறார், மகிழ்கிறார். நாளாக ஆகத்தான் பையன் வளரவே இல்லை என்பது உறைக்கிறது. அறிவியல் துறைக்கே தலைவராக இருந்த மனிதருக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ஆத்திரத்தில் அவனைச் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்.

[திரை: உச்சந்தலையில் இரு முனைகளாக நிற்கும் முடி. நிழலுருவம் மட்டும்.]

அந்தப் பையன்தான் அட்டோம். அணு என்று பொருள். வெளிநாடுகளில் ஆஸ்ட்ரோ பாய் என்றால் தெரியும். ஒசாமு டெசுகா 1951இல் 'ஷோனென்' என்ற சிறுவர் மாத இதழில் அவனை அறிமுகப்படுத்தினார். 1952 முதல் 1968 வரை அவனே நாயகனாக வந்த தொடர் ஓடியது.

பேராசிரியர் ஒச்சானோமிசு அவனைச் சர்க்கஸிலிருந்து மீட்கிறார். அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரு லட்சம் குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைப் படைக்கு அனுப்பவில்லை, பள்ளியில் சேர்க்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அப்பா அம்மா வேண்டுமே என்று ஒரு ரோபோ அப்பாவையும் ரோபோ அம்மாவையும் செய்து கொடுக்கிறார். ஆக, பெற்றவர்கள் பிள்ளைக்கு இளையவர்கள். இந்த வேடிக்கைக்காகவே டெசுகாவை மன்னிக்கலாம், அவர் வேறென்ன தப்பு செய்திருந்தாலும்.

ஆனால் அட்டோமின் உலகம் அவ்வளவு சுகமானதல்ல. அங்கே ரோபோக்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

[திரை: மூன்று வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக.]

தன்னை உருவாக்கியவரை அப்பா என்று அழைக்க வேண்டும். அனுமதியின்றி வெளிநாடு போகக் கூடாது. பணத்தைத் தவிர எதையும் உருவாக்கலாம்.

முதல் விதியை மறுபடி படியுங்கள். சர்க்கஸுக்கு விற்றவரையும் அப்பா என்றுதான் அழைக்க வேண்டும்! ரோபோ மனிதரோடு வாழலாம், ஆனால் ஒவ்வொரு கதையிலும் அதற்கான தகுதியை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1951இல் வந்த முதல் தொடரில் பூமிக்காரர்களுக்கும் விண்வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் சண்டை மூள்கிறது. இரு தரப்பிலும் சேராத அட்டோம் தூது போகிறான். தன் தலையையே கழற்றிப் பிணையாக வைக்கிறான்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில், மொழி புரியாத ஒரே காரணத்தால் அமெரிக்கச் சிப்பாய்களிடம் அடிவாங்கியதை டெசுகா சொல்லியிருக்கிறார். அட்டோம் ஏன் தூதுவனாகப் பிறந்தான் என்பதற்கு எனக்கு இது போதும். 'ஜப்பானியர்களின் ஷிண்டோ மரபில் பொருளுக்கும் உயிர் உண்டு, அதனால்தான் ரோபோ அவர்களுக்கு நண்பன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படியானால் அட்டோம் இவ்வளவு அவமானப்பட்டிருக்கத் தேவையில்லையே.

[திரை: மரத்தாலான இரண்டு மாடிக் கட்டடம். ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது.]

இப்போது டோக்கியோவின் டோகிவா-சோ என்ற வாடகைக் குடியிருப்புக்கு வருவோம். 1954இல் டெசுகா அங்கிருந்த தன் அறையைக் காலி செய்தார். அதற்குக் குடிவந்தவர்கள் அவரைக் குருவாகக் கொண்டாடிய இரண்டு இளம் ஓவியர்கள். கையில் காசில்லாத அவர்களுக்காக, தான் கட்டியிருந்த முன்பணத்தையும் அவர் அப்படியே விட்டுச்சென்றார். இருவரில் ஒருவரான ஹிரோஷி ஃபுஜிமோட்டோ பின்னாளில் உருவாக்கியதுதான் டோரேமான். தமிழ் டப்பிங்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் அதே நீலப் பூனை.

மங்கா தொடங்கியது 1969 டிசம்பரில். ஒரே நேரத்தில் ஆறு சிறுவர் இதழ்கள். மழலையர் முதல் நான்காம் வகுப்பு வரை, ஒவ்வொரு வயதுக்கும் தனியாக வரைந்தார்.

முதல் கதையில் புத்தாண்டு நாள். நோபிட்டா என்ற பள்ளிச் சிறுவன் தன் அறையில் சும்மா கிடக்கிறான். மேசை இழுப்பறை திறக்கிறது. 22ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த ரோபோ வெளியே வருகிறது. இன்னும் சற்று நேரத்தில் உனக்கு ஆபத்து என்று எச்சரிக்கிறது, பிறகு அங்கிருந்த மோச்சியை எடுத்துச் சாப்பிடுகிறது. நம் கொழுக்கட்டை போல, அரிசியை இடித்துச் செய்வது. சட்டமும் இல்லை, அனுமதியும் இல்லை. வந்தது, சாப்பிட்டது, தங்கிவிட்டது. படுக்கை விரிப்புகளை மடித்து வைக்கும் சுவர் அலமாரியின் மேல்தட்டுதான் அதன் படுக்கை.

[திரை: 129.3 என்ற எண்.]

டோரேமானின் உயரம் 129.3 சென்டிமீட்டர். எடை 129.3 கிலோ. எலியைக் கண்டால் துள்ளும் உயரமும் 129.3 சென்டிமீட்டர்தான். அந்தக் காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரம் அது. வாசிக்கிற பிள்ளை அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை, கண்ணுக்குக் கண் நேராகப் பேசலாம்.

அட்டோமுக்குத் தகுதி இருந்தது, ஆனால் இடம் கிடைக்கவில்லை. டோரேமான் எலியைக் கண்டால் அலறும், அவசரத்தில் தவறான கருவியை எடுத்து நீட்டும், அம்மாவிடம் திட்டு வாங்கும். ஆனாலும் அலமாரியில் அதன் இடம் அப்படியே இருந்தது. திட்டு வாங்குகிறவர்தானே வீட்டு ஆள்?

1974இல் ஒரு கதையில் டோரேமான் எதிர்காலத்துக்கே திரும்ப வேண்டிவருகிறது. நான் இல்லாமல் இவன் என்ன செய்வான் என்று அதற்குக் கவலை. அன்றிரவு நோபிட்டா, தன்னை எப்போதும் மிரட்டும் முரட்டுப் பையன் ஜியானோடு தனியாக மோதுகிறான். அடிமேல் அடி விழுகிறது, விடவில்லை. கடைசியில் சலித்துப்போய்த் தோல்வியை ஒப்புக்கொள்வது ஜியான்தான். விடிந்ததும் டோரேமான் இல்லை. நோபிட்டா வெறும் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த கதையில், டோரேமான் விட்டுச்சென்ற ஒரு திரவத்தை அவன் குடிக்கிறான். குடித்தபின் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாக நடக்கும். டோரேமான் இனி வரவே மாட்டான் என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்து, அறைக் கதவைத் திறக்கிறான்.

[திரை: கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே நீல நிறம்.]