போர்ச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரிலிருந்து கணியம்பாடி பக்கம் போனால் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே பலரும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அந்தப் பக்கத்துக்காரர்கள் ராத்திரி எந்நேரமும் போன் செய்வார்கள். "சார், எந்த ரெஜிமென்ட்டுன்னு வந்திருக்கா?" அவர்களுக்கு அது ஒன்றுதான் செய்தி.

மே மாதம் நாங்கள் போட்ட சொல் 'ஊடுருவல்'. மலைமேல் உட்கார்ந்திருப்பவர்கள் தீவிரவாதிகள் என்று எழுதினோம். போகப்போக 'போர்' தலைப்புக்கு ஏறியது. அந்த ஆட்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படைச் சிப்பாய்கள் என்பது பிறகுதான் தெளிவானது. ஆட்கள் அதே ஆட்கள். எங்கள் சொல்தான் மாறிக்கொண்டே வந்தது. அதனால், எந்தப் போராக இருந்தாலும் முதல் வாரச் செய்தியை நான் பாதி நம்பித்தான் படிப்பேன். யாரும் பொய் எழுதுகிறார்கள் என்பதற்காக இல்லை. யாருக்கும் முழுசாகத் தெரியாத நேரத்தில்தான் பக்கத்தின் அகலம் முழுக்கப் பெரிய தலைப்பு வருகிறது.

தெரியவரும் நேரத்தில் தலைப்பு சுருங்கிவிடுகிறது. திருச்சிக்காரரான மேஜர் சரவணன் அந்த மே 29ஆம் தேதி கார்கிலின் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடலை மலையிலிருந்து மீட்க ஒரு மாதத்துக்கும் மேலானது. அத்தனை நாள் திருச்சியில் அந்தக் குடும்பம் எப்படி இருந்திருக்கும்? ஜூலை 26இல் போர் முடிந்தது. எதிரி இவ்வளவு தூரம் வந்தது எப்படித் தெரியாமல் போனது என்று ஆராய பாதுகாப்பு விவகார வல்லுநர் கே. சுப்பிரமணியம் தலைமையில் அரசு குழு போட்டது. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. இது எப்படி நடந்தது என்று பெற்றவர்கள் கேட்ட கேள்விக்கு அதில்தான் பதில் இருந்தது. எங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில் வந்தது.

உக்ரைனையும் பாருங்கள். 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு சில வாரங்கள் நம் தொலைக்காட்சிகளில் அதுதான் பேச்சு. அங்கே மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகள் தவித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பினார்கள், செய்தி குறைந்தது. அப்புறம் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோது போர் வணிகப் பக்கத்துக்குப் போனது. அங்கே குண்டு விழுவது நிற்கவில்லை.

கார்கில் முடிந்து சில மாதம் கழித்து ஒரு அப்பா போன் செய்தார். "பையன் இன்னும் ராணுவ ஆஸ்பத்திரியிலதான் இருக்கான் சார். இவங்களைப் பத்தி ஏதாவது போடுவீங்களா?" பத்திரிகை அலுவலகத்தில் கேட்டேன். "போர்தான் முடிஞ்சுபோச்சே" என்றார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன், அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் வீட்டில் இன்றைக்கும் வானொலி கேட்பார்களா தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, உங்கள் மகன் எப்படி இருக்கிறார்?