விடாமல் எழுதப்படும் கணக்கு

மதுரை வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

அரசாங்கம் நடத்தும் ஆராய்ச்சி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது விண்ணில் ஏறும் ராக்கெட்டுதான். அது பெருமைக்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அதைக் காட்டிலும் ஓசை குறைந்த ஒரு பணி இருக்கிறது. ஒரே பொருளை, ஒரே முறையில், தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்து வைக்கும் பணி அது. இதனால் உடனடி ஆதாயம் கிடையாது என்பதால் வணிக நிறுவனங்கள் இதில் இறங்குவதில்லை. ஒரு தனி மனிதரின் ஆயுளுக்குள்ளும் இது முடிவதில்லை. ஆகவே இதை அரசாங்கம்தான் செய்தாக வேண்டும். கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்திலிருந்தே என் மனத்தை விட்டு நீங்காத செய்தி இது.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றுகிறார்கள், தூண் பாறையைப் பார்க்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அதே மலையில் சூரியனை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் நூற்றாண்டைக் கடந்து நடந்துவருகிறது. கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதால், அந்த ஆய்வகத்தின் மீது நமக்குச் சற்று உரிமையும் உண்டு.

அது அங்கே எழுந்ததற்குப் பின்னால் பசி இருக்கிறது. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டிருப்பார்கள். சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோன பஞ்சம் அது. அந்நாளில் மதுரை வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரம் என்னும் அம்மையார் தம் சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார் என்று இன்றும் இங்கே சொல்வார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அப்போது அறிஞர்களையும் வாட்டியது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை மிகுந்தும் குறைந்தும் வருகின்றன. மழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாமோ என்று அவர்கள் எண்ணினார்கள். 1893-இல் இயற்பியல் அறிஞர் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, தூசியில்லாத உயர்ந்த மலையான கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது. சென்னையிலிருந்து கருவிகள் மலையேறின. 1899-இல் ஆய்வகம் நிறுவப்பட்டு, 1901-இல் நோக்குதல் தொடங்கியது.

அங்கே பணியாற்ற வந்த ஜான் எவர்ஷெட் என்பவர், 1909-இல், கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கின்றன என்று கண்டறிந்தார். உலகெங்கும் சூரிய இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே படிக்கிறார்கள்.

சரி, மழைக்கு விடை கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைத்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து கிடைக்கவில்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், உலகின் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் குறித்துவைக்கப்பட்ட காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றை, இந்திய எழுத்தர்கள் பலரைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டு ஒப்பிட்டார். பருவமழையைச் சொல்லும் அளவுக்குச் சூரியப் புள்ளிகளில் வலிமையான தொடர்பு தென்படவில்லை. மாறாக, பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது, அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது என்ற பெரும் ஊசலாட்டம் வெளிப்பட்டது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு என்று இப்போது செய்திகளில் கேட்கிறோமே, அந்த அறிவின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் கொடைக்கானலின் உழைப்பு வீணா? இல்லை. மேகம் மறைக்காத நாட்களிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். 1904 முதல் சேர்ந்துவந்த அந்தக் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் இப்போது கணினிக்கு மாற்றப்பட்டு, சூரியனின் காந்தப்புலம் நூறு ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்று ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன. செயற்கைக்கோள்களைப் பாதிக்கும் சூரியச் சீற்றங்களைப் புரிந்துகொள்ளவும் இத்தகைய நீண்ட பதிவு வேண்டும். அந்தத் தகடுகளை எடுத்தவர்கள் காலத்தில் செயற்கைக்கோள் என்ற ஒன்றே இல்லை. ஒரே முறையில், விடாமல் எடுத்தார்கள். அந்த இரண்டையும்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்.

பொருளியலுக்கு வருகிறேன். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை, அதாவது அவர்கள் வாங்கும் பொருள்களின் விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்ணை, வெளியிடுகிறது. அதற்காக விலை சேகரிக்கப்படும் 88 மையங்களுள் மதுரையும் ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய், வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம் எனக் குறித்த பொருளை, குறித்த தரத்தில், குறித்த கடைகளிலேயே விசாரித்து எழுதுகிறார்கள். போன மாதம் பொன்னி அரிசியின் விலையையும் இந்த மாதம் மட்டமான அரிசியின் விலையையும் எழுதினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. எங்கெங்கோ பணிபுரியும் மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியும், நம் தெருவில் ஓய்வூதியம் பெறும் பெரியவருக்குக் கூடும் தொகையும் இந்தக் குறியீட்டைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. 2001-ஆம் ஆண்டின் விலையை அடிப்படையாகக் கொண்டிருந்த தொடரை 2016-ஆம் ஆண்டுக்கு மாற்றியபோதும் சங்கிலியை அறுத்துவிடவில்லை. புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கினால் பழைய தொடரோடு ஒப்பிடலாம் என்று வழி செய்தார்கள்.

சங்கிலி அறுந்த இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்று அறியும் தேசிய மாதிரி ஆய்வு 1950-இல், புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கியது. அந்த வரிசையில் 2017-18 ஆண்டின் செலவினக் கணக்கெடுப்பு முடிந்த பின்பும், தரத்தில் குறை இருப்பதாகக் கூறி அமைச்சகம் முடிவுகளை வெளியிடாமல் நிறுத்திவிட்டது. 2011-12-க்குப் பிறகு 2022-23 வரை நமக்கு அந்தக் கணக்கே இல்லாமல் போயிற்று. குறை இருந்தால் அந்தக் குறையையும் சேர்த்தே வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மக்கள் வரிப்பணத்தில், மக்கள் சொன்ன விடைகளால் உருவான கணக்கு மக்களுடையது.

நேரம் முடியப்போகிறது என்று கடிகாரம் காட்டுகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களும் அதே அளவுக்குக் குணமடைகிறார்கள் என்று நிறுவி, உலகின் சிகிச்சை முறையையே மாற்றிய வரலாற்றை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252 என்று நாம் சொல்வது 2011-ஆம் ஆண்டின் கணக்கு. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்ற நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. நாம் சொல்லும் விடை வரி அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அந்தப் பதிவேடுகளை யாரும் பார்வையிட உரிமை இல்லை என்கிறது. நீதிமன்ற வழக்குகளிலும் அவற்றைச் சான்றாகக் கொள்வதைத் தடுக்கிறது. ஆகவே கணக்கெடுப்பாளர் வரும்போது, வயதைக் குறைக்காமலும் அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.