மொட்டை மாடியில் மலைக்காய்

நேயர்களுக்கு வணக்கம். நான் கோடைக்கானல் மலையில் இருக்கிற பூம்பாறையிலிருந்து வருகிறேன். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம் எங்களுடையது. வானொலி நிலையத்தில் கூப்பிட்டு, "வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்காலக் காய்கறி வளர்ப்பது பற்றிப் பேசுங்கள்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று. ஆனால் கோடைப் பண்பலை மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பானாலும் மதுரை, திண்டுக்கல், தேனி என்று கீழே எத்தனையோ வீடுகளில் கேட்கிறது. அப்புறம், எனக்கும் கீழே ஒரு தோட்டம் உண்டு. மகளை மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டு மொட்டை மாடியில் நான் தோற்றுப்போன கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பேத்தி பிறந்த வருடம் சித்திரையில் இரண்டு மாதம் அங்கே தங்கினேன். சும்மா இருக்கக் கை கேட்கவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மூன்றை வாங்கி, மாடியில் மேற்குப் பக்கம் வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன கேரட் விதையைத் தூவினேன். எங்கள் பாத்தியில் பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைக் கோடு தெரியும். அங்கே இருபது நாள் காத்திருந்தேன். மூன்று தொட்டிக்கும் சேர்த்து நாலு முளை. அதிலும் இரண்டு, அடுத்த நாள் மதியம் சுருண்டு படுத்துவிட்டன. சம்பந்தியம்மா நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "மலைக்காரர் கைராசி" என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை விட்டார்.

விதை கெட்டது என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் அதே பொட்டலத்தில் மிச்சமிருந்ததை வீட்டுக்குப் பின்னால் அரைப் பாத்தியில் போட்டேன். அத்தனையும் முளைத்தது. கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்படியானால் குற்றவாளி யார்? அடுத்த தடவை பஸ்ஸில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு போனேன். நீங்களும் கவனித்திருப்பீர்கள். மேலே படிப்படியான வயலில் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு. பேரிக்காய் மரம் நிற்கிறது. பெருமாள்மலை தாண்டி, ஊத்து தாண்டி இறங்க இறங்கக் காப்பிச் செடியும் ஆரஞ்சும் மலைவாழையும் வந்துவிடுகின்றன. டம்டம் பாறையில் எலிவால் அருவியைப் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அங்கேயே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். அடிவாரத்துக்கு வந்தால் மாவும் புளியும்தான். யாரும் வேலி போட்டு இதைப் பிரித்துவைக்கவில்லை. 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கோடைக்கானல் 2100 மீட்டர் உயரம், வத்தலக்குண்டு 300 மீட்டர் சொச்சம். கணக்குப் போட்டால் 12 டிகிரி வித்தியாசம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணத்தில் மார்கழியிலிருந்து சித்திரைக்குப் போய்விடுகிறோம். கேரட்டால் அப்படிப் போக முடியுமா?

கேரட், முட்டைகோஸ், பீட்ரூட், பட்டாணியை எல்லாம் எங்கள் பெரியவர்கள் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்வார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் கோடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரரோடு மலையேறி வந்த காய்களுக்கும் அதே குணம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெயில் என்றால் எல்லோரும் மதியத்தையே நினைக்கிறோம். பச்சை வலை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இந்தப் பயிர்களைக் கெடுப்பது மதியம் மட்டும் இல்லை, இரவும்தான். செடி பகலில் வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை சம்பாதிக்கிறது. இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. 10 டிகிரி சூடு கூடினால் அந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எங்கள் ஊரில் சித்திரையிலும் பகல் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இரவு 12 வரை இறங்கும். செலவு போக மிஞ்சிய சர்க்கரை கிழங்குக்குப் போகிறது. வத்தலக்குண்டில் சித்திரை இரவு பெரும்பாலும் 25ஐ விட்டு இறங்குவதில்லை. சம்பாதித்ததெல்லாம் இரவிலேயே தீர்ந்துவிட்டால் கிழங்குக்கு எங்கே போவது? வெளுத்த, வேர் மாதிரி மெலிந்த கேரட்தான் கிடைக்கும்.

மகள் வீட்டில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது. மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். மணி பதினொன்று. காற்று கொஞ்சம் வீசியது, ஆனால் பாய்க்கு அடியில் தரை தோசைக்கல் மாதிரி இருந்தது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த தொட்டிகளைப் பார்த்தேன். நாமாவது பாய் போட்டிருக்கிறோம். அதுகளுக்கு அதுவும் இல்லையே!

மறுநாள் காலையிலேயே தொட்டிகளைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினோம். காலை வெயில் பத்தரை மணி வரை விழும், அதற்குமேல் படியறைச் சுவரின் நிழல். ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கினோம், கீழே காற்று போகட்டும் என்று. கறுப்புத் தொட்டிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தோம். இப்போது வெளிப்பக்கம் வெள்ளையாக வளர்ப்புப் பை கிடைக்கிறது. அதற்கு இந்த வேலையே வேண்டாம். சாயங்காலம் தரையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுவது வழக்கமானது. இதையெல்லாம்விட நல்லது மண் தொட்டி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதே வேலையைத்தான் மண் தொட்டி வேருக்குச் செய்கிறது. பெரிய மண் தொட்டிக்குள் சின்னது ஒன்றை வைத்து, இடையில் மணல் நிரப்பி, அந்த மணலை ஈரமாகவே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது தண்ணீர் விவகாரம். மகள் பொறுப்பான பெண். மதியம் செடி வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, மாடிக் குழாயைத் திறந்து ஊற்றுவாள். ஒரு நாள் நான் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. மேலே இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியிலும், வெயிலில் கிடக்கிற குழாயிலும் தண்ணீர் கொதிக்காத குறை. பாவம், செடிக்குத் தாகம் தீர்ப்பதாக நினைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். இப்போது முந்தின இரவே குடத்தில் பிடித்து வைத்து, விடியற்காலையில் ஊற்றுகிறோம். மதியம் இலை தொய்ந்தால் பதறக் கூடாது. சாயங்காலம் தானே நிமிர்ந்தால் வேரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போதே மேலும் ஊற்றினால் சூடும் ஈரமும் சேர்ந்து நாற்று அழுகிப் போகும். மண்மேல் வைக்கோலோ, காய்ந்த இலையோ, தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நிழலுக்கு வருகிறேன். வலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி வெயிலை விடுகிற வலை போதும். அதற்கும் மேல் அடர்த்தியாகப் போட்டால் செடி நெட்டையாக வளர்ந்து சாயும். ஆனால் வத்தலக்குண்டுக்காரர்களுக்கு நிழலைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியுமா? ஊர்ப் பேரிலேயே வெற்றிலை இருக்கிறது என்பார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் வெற்றிலைக் கொடியை நட்டு அதன்மேல் ஏற்றுவார்கள். சமவெளி வெயிலில் அவ்வளவு மெல்லிய இலையைக் காப்பாற்றுவது அந்த அகத்திதான். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் மாடியில் மேற்கு ஓரமாக நாலு பெரிய பையில் அகத்தி போட்டோம். வேகமாக வளர்கிறது, சிறு இலையாக இருப்பதால் வெளிச்சம் சல்லடை போட்ட மாதிரி விழுகிறது, மாதம் ஒரு தடவை கீரையும் ஆச்சு. வலை அடுப்பு மாதிரி சூட்டைக் கீழே தேக்கும். இலை நிழலோ ஈரத்தை ஆவியாக விட்டுக் காற்றையும் கொஞ்சம் குளிரவைக்கும்.

சரி, இத்தனையும் செய்தால் எதைப் போடலாம்? இதெல்லாம் சேர்ந்து சில டிகிரிதான் குறையும். 12 டிகிரி குறையாது. அதனால் காலிஃப்ளவரையும் பட்டாணியையும் சித்திரையில் மறந்துவிடுங்கள். பூ உதிரி உதிரியாகப் போகும், பட்டாணி பூவை உதிர்க்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சீக்கிரம் முடிகிற பயிர்தான் கை கொடுக்கும். முள்ளங்கியில் பூசா சேத்கி என்று வெயிலுக்கென்றே வந்த ரகம் இருக்கிறது. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். நாளைத் தள்ளினால் காரம் ஏறி, உள்ளே சக்கையாகிவிடும். கிழங்கு சரியாக வராவிட்டாலும் கீரை இருக்கிறது. பூத்துவிட்டால்கூடப் பிஞ்சுக் காயைப் பொரியல் செய்யலாம். எதுவும் வீண் இல்லை என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முள்ளங்கியைத்தான் சொல்வேன்.

பச்சையாகவே சாலட்டில் போடுகிற லெட்யூஸ் கீரையின் விதைக்கு விசித்திரமான குணம். மண் 30 டிகிரி தொட்டுவிட்டால் விதை நல்லதாக இருந்தாலும் உறங்கப் போய்விடும். ஈரத் துணியில் விதையை மடித்து, டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்து, பிறகு வீட்டுக்குள்ளேயே குளிர்ந்த மூலையில் ஜன்னலோரம் முளைக்கவிடுங்கள். விதையை மண்ணால் மூட வேண்டாம், அதற்கு வெளிச்சம் பட வேண்டும். இருபத்தைந்து, முப்பது நாளில் இளசாகவே கத்தரித்து எடுத்துவிடுங்கள். உருண்டை கட்டட்டும் என்று காத்திருந்தால் நடுவில் தண்டு கிளம்பும், இலை கசக்கும். எங்கள் மாப்பிள்ளை ஒரு தடவை அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, ஊறவைத்த எள் என்று நினைத்துச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டார். கைராசி பற்றி அதற்கப்புறம் அவர் பேசுவதில்லை.

கொத்தமல்லியும் அப்படித்தான், தண்டு விடத் துடிக்கும். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து நெருக்கமாகத் தூவுங்கள். ஒரே தொட்டியில் மொத்தமாகப் போடாமல் பத்து நாளுக்கு ஒரு தொட்டியாகப் போட்டால் தொடர்ந்து கிடைக்கும். பாலக் நம்ம ஊரில் கிடைப்பது பீட்ரூட்டின் சொந்தக்காரன், அசல் ஸ்பினாச் வேறு. அதனால் கொஞ்சம் வெயில் பொறுக்கும்.

கேரட்டை விடவே மனசில்லை என்றால் நாளை மாற்றுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நாட்டுக் காய்க்கு. இங்கிலீஷ் காய்க்குச் சமவெளியில் ஐப்பசிதான் பட்டம். மழை பெய்து மண் ஆறியிருக்கும், வளர்கிற மாதங்கள் கார்த்திகை, மார்கழி, தை. அரை அங்குல ஆழம் போதும். விதைத்தவுடன் நனைத்த சாக்கை மேலே விரித்துவிடுங்கள், முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் மறந்தாலும் முளை சாக்கோடு வந்துவிடும். அப்புறம் செடி கலைத்துவிட வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒன்று நின்றால் போதும். பிடுங்க மனசு வராது, எங்கள் ஊரில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கும் வராது. பிடுங்காமல் விட்டால் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு எதுவும் பெருக்காது.

சம்பந்தியம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் கொடிப்பசலைத் தண்டு நாலை ஒடித்து என் கறுப்புத் தொட்டியிலேயே ஊன்றினார். வலை இல்லை, செங்கல் இல்லை, மேற்கு வெயில். ஒரு மாதத்தில் கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்தது. பக்கத்தில் தண்டுக்கீரையும் தூவினார். சோளமும் கரும்பும் உணவு தயாரிக்கிற அதே வழியில் தயாரிக்கிற செடி அது, வெயில் ஏறினால் குஷியாகிவிடும். பீன்ஸ் பூ உதிர்த்த இடத்தில் தட்டைப்பயறு கொத்துக் கொத்தாகக் காய்த்தது. நான் மலையிலிருந்து கொண்டுபோன பட்டர் பீன்ஸை அவர் சமைத்தார், அவர் மாடியில் பறித்த பசலையை நான் பருப்பில் போட்டேன்.

போன வாரம் மகள் போன் செய்தாள். லெட்யூஸ் இரண்டாவது அறுப்பு முடிந்ததாம், மூன்றாவது கசக்கிறதாம். அந்தத் தொட்டியைக் காலி செய்து பசலை ஊன்றச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்குக் கேரட் விதை கேட்டிருக்கிறாள். பழைய கடையிலேயே வாங்கி வைத்திருக்கிறேன். வணக்கம்.