திர்சாள் என்று பெயரிடுங்கள்

(ராயபுரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்திற்குத் தலைமை வகிக்கும் ஆயர் அவர்களே, சங்கத்தின் தலைவியாகிய ஆயரம்மா அவர்களே, பாஸ்டரேட் கமிட்டியின் செயலாளர், பொருளாளர் ஆகிய பெரியோர்களே, மாநகராட்சிப் பணிகளுக்கிடையிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் வட்டக் கவுன்சிலர் அவர்களே, இப்பகுதியில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பாடகர் குழுவினரே, கைக்குழந்தைகளோடு கடைசி வரிசையில் இருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. கவுன்சிலருக்குப் போர்த்தியது இன்னும் சற்று நீளம் என்பதையும் கவனித்தேன். மாநகராட்சி பெரியது, வழக்கறிஞர் சிறியவள், அது முறைதான்.

பெண் குழந்தைக்கு அதிகம் புழங்காத வேதாகமப் பெயரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்படி ஆயரம்மா பணித்தார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். அரிய பெயர்களை எங்கே தேடுவது என்பது முதலாவது. அவற்றைப் பிறப்புச் சான்றிதழில் பிழையின்றி எழுதுவது இரண்டாவது. பள்ளியில் அக்குழந்தை படப்போகும் பாடு மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், என் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்திருக்கும் அந்தப் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: பேரோ பொன்னம்மாள், கழுத்திலோ கருகமணி.

நம் வீடுகளில் எஸ்தர், ரூத், ரெபேக்காள் ஆகியோருக்குக் குறைவில்லை. யோபுவின் மூன்று குமாரத்திகளில் எமீமாளும் கெத்சீயாளும் ஜெமிமா, கெசியா என்ற ஒலியில் வந்து குடியேறிவிட்டார்கள். கேரேனாப்புக் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள், அவளை யாரும் உள்ளே அழைக்கப்போவதாகத் தெரியவில்லை. ஆனால் தபீத்தாள் என்று ஏன் வைக்கக் கூடாது? யோப்பா என்ற துறைமுகப் பட்டணத்தில் விதவைகளுக்கு அங்கிகள் தைத்துக் கொடுத்தவள் அவள். அவளை உயிரோடு எழுப்பிய பேதுருவாகிய ராயப்பரின் பெயரால்தான் நம் ராயபுரமே விளங்குகிறது. பேதுரு கதவைத் தட்டியபோது குரலை அடையாளம் கண்டவள் ரோதை. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள். பார்வோனின் கட்டளைக்கு அஞ்சாமல் ஆண் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும். முதலாம் நாளாகமம் 7ஆம் அதிகாரத்தில் வம்ச அட்டவணைக்கு நடுவே சேராள் என்றொருத்தி வருகிறாள். கீழ்ப்புறமும் மேல்புறமுமான பெத்தொரோன் பட்டணங்களைக் கட்டியவள். அட்டவணைகளை நாம் வாசிக்காமல் தாண்டிவிடுவதால் இத்தகையவர்களை இழக்கிறோம்.

அதிகாரத்தை வாசிக்காமல் ஒலியை மட்டும் கேட்டுப் பெயர் வைத்தால் என்ன நேரும் என்பதற்குத் தண்டையார்பேட்டையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாக விற்று, இரண்டு கட்டு வீடு எழுப்பிய ஒரு பாட்டி. வீட்டைக் கட்டியவர் அவர், பத்திரம் மட்டும் காலஞ்சென்ற கணவர் பெயரில். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு முந்திய இரவு, விருந்துக்கு வாங்கிய வஞ்சிரத்தைக் கூடத்தில் அரிவாள்மணையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தார் பாட்டி. சம்பந்தி, பெயர் எஸ்தர்தான் என்று பிடிவாதமாக இருக்க, மருமகனோ கைப்பேசியைத் தடவி, “சப்பீரா, கேக்கவே ஸ்டைலா இருக்கு” என்றார். பாட்டி தலை நிமிராமல், “நிலத்த வித்து, வந்த காசுல ஒரு பங்க ஒளிச்சு வெச்சு, அப்போஸ்தலர் காலடியில செத்து விழுந்தவ பேரா மாப்ளே?” என்றார். கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விட்டது. பிறகு பாட்டி தம் தெரிவைச் சொன்னார்: திர்சாள். யார் அந்தத் திர்சாள் என்று எல்லோரும் விழிக்க, மூத்த மகனை அழைத்து எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மக்லாள், நோவாள், ஓக்லாள், மில்காள், திர்சாள் என்று அவரும் கம்பீரமாகத்தான் தொடங்கினார். மகன் இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று தகப்பனின் காணியாட்சியைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரியே என்று கர்த்தர் தீர்ப்புச் சொல்கிறார். ஏழாம் வசனத்துக்கு வந்தபோது மூத்தவரின் குரல் கம்மிவிட்டது. பாட்டி அப்போதுதான் நிமிர்ந்தார்: “தங்கச்சி கையெழுத்துக்குன்னு பீரோல ஒரு பத்திரம் வெச்சிருக்கியே, அத எடுத்தாந்து இங்க வை.”

அது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளிடம் அப்படியே ஒரு கையெழுத்தையும் வாங்கிவிடலாம் என்று அண்ணன்மார் இருவரும் முத்திரைத்தாள் வரை வாங்கி வைத்திருந்தார்கள். மறுநாள் குழந்தைக்குத் திர்சாள் என்றே ஞானஸ்நானம் ஆயிற்று. நானும் விருந்துண்டேன்; வறுவல் பிரமாதம், மூத்தவர் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

தாய்மார்களே, பெயரைத் தேடப்போன இடத்தில் நாம் நிற்பது பத்திரப்பதிவு அலுவலக வாசலில். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, மீதி மகனுக்கும் மகளுக்கும் சரிசமமாகச் சேரும். ஆனால் திருவிதாங்கூரில் மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் என்றிருந்தது; மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் அதற்கு முடிவு கட்டியது. நம் இந்துச் சகோதரிகளுக்கும் தமிழகம் 1989லேயே குடும்பச் சொத்தில் சம உரிமை அளித்துவிட்டது. சட்டம் கொடுத்ததைத்தான் நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கையெழுத்தில் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். “நகை போட்டோம், சீர் செய்தோம்” என்பார்கள். பேரோ பொன்னம்மாள், கழுத்திலோ கருகமணி!

எண்ணாகமம் 36ஆம் அதிகாரத்தில் அந்தப் பெண்கள் தங்கள் கோத்திரத்திலேயே மணம் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்ததே என்று ஆயர் அவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். வந்தது, ஐயா. ஆனால் நிலத்தை யாரும் பறிக்கவில்லை. யோசுவா 17ஆம் அதிகாரத்தில் பங்கைப் பெற்றே தீர்ந்தார்கள். காலேபின் மகள் அக்சாளோ, தகப்பன் கொடுத்த நிலம் போதாதென்று நீரூற்றுகளையும் கேட்டு வாங்கினாள். யோபுவும் தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரோடு சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தான். ஆகவே அரிய பெயர் வேண்டுமென்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது திர்சாள், அடுத்தது அக்சாள். இரண்டும் அழைக்க எளியவை. இரண்டுக்கும் பின்னால் ஒரு பங்கு இருக்கிறது.

ஆயரம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சான்றிதழைப் பற்றி ஒன்று மட்டும்: பெயரின்றிப் பதிவான பிறப்பில், 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் உண்டு. மற்றவற்றைக் கவுன்சிலர் அவர்கள் விளக்குவார்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் பக்கத்து அறையில் இருப்பேன். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் சும்மாவும் வாருங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு யாரேனும் காத்திருந்தால், வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கவுன்சிலர் அவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியை அவர்களிடம் ஒப்படைக்கிறேன். வணக்கம்.