பயிரை நாசம் பண்ணுன பூச்சிக்கு சிலை வச்ச ஊரு!

போர்ல ஜெயிச்சவங்களுக்கு சிலை வைப்பாங்க, தலைவருங்களுக்கு வைப்பாங்க, ஊரையே கடனாளி ஆக்குன பூச்சிக்கு சிலை வச்சத கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்காவோட தெக்குப் பக்கம், அலபாமா மாநிலத்துல, என்டர்பிரைஸ்னு ஒரு ஊரு.

ஹிஸ்டரிய வேகமா ஓட்டிடுறேன். அலபாமான்னா பருத்தி, பருத்தின்னா அடிமைங்க உழைப்பு, 1865-ல அடிமைமுறை ஒழிஞ்சும் நெறைய பேரு அதே நிலத்துல வெளைச்சல்ல பங்குக்கு உழுது கடன்லயே கெடந்தாங்க. அதுக்கு தனி வீடியோவே போடணும், போடுறேன்.

இப்ப நம்ம ஹீரோ. மெக்சிகோல இருந்து 1890கள்ல டெக்சாஸுக்குள்ள நுழைஞ்ச ஒரு கூன்வண்டு, நகத்து மேல வச்சா நிக்கும், அவ்ளோதான் சைஸு, ஆனா நீட்டு மூக்கால பருத்தி மொட்டுல ஓட்டை போட்டு உள்ள முட்டை வச்சிடும், புழு உள்ளயே உக்காந்து தின்னுடும், அப்புறம் மொட்டு எங்க காயாகுறது! 1915 வாக்குல இந்த ஊருக்கும் வந்து பருத்திய காலி பண்ணிடுச்சு.

அடுத்த வருஷமே செஷன்ஸ்னு ஒரு வியாபாரி, கடன்ல முழுகியிருந்த ஒரு விவசாயிகிட்ட பேசி வேர்க்கடலை பயிர் போட வச்சாரு. அதே அலபாமால டஸ்கீகிங்கிற ஊர்ல இருந்த வேளாண் விஞ்ஞானி கார்வரும், பருத்தி போட்டு போட்டு செத்துப்போன மண்ணுல கடலை போடுங்க, தழைச்சத்து ஏறும்னு வருஷக்கணக்கா சொல்லிட்டுதான் இருந்தாரு, வண்டு வந்து சொன்னாதான் கேப்பாங்க போல! 1917-ல கடலை வெளைச்சல்ல நாட்டுலயே முதலிடம் இந்த ஊரு இருக்குற கவுன்ட்டிக்குதான், கவுன்ட்டின்னா நம்மூரு மாவட்டம் மாதிரி. கவுன்ட்டி பேரு என்ன தெரியுமா? காஃபி. வெளையறது கடலை, பேரு காஃபி!

கைல காசு வந்ததும் 1919-ல நடுரோட்டுல வண்டுக்கு நன்றின்னு சிலை வச்சாங்க, ஆனா சிலைல வண்டே இல்ல! கிரேக்க ஸ்டைல்ல ஒரு பொம்பள மட்டும் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறாங்க. 30 வருஷம் கழிச்சு 1949-லதான் யாருக்கோ ஒறைச்சு, தலைக்கு மேல பெரிய வண்டு ஒண்ண தூக்கி வச்சாங்க.

அலபாமாவோட மத்த பெருமையெல்லாம் ஒரே மூச்சுல: ஹன்ட்ஸ்வில்ல நிலாவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட் வேலை, 1997-ல இருந்து டஸ்கலூசா பக்கம் மெர்சிடிஸ் கார், கீஸ் பெண்ட்னு ஒரு சின்ன ஊர்ல கறுப்பினப் பொம்பளைங்க பழைய வேலை உடுப்பக் கிழிச்சு தைச்ச ஒட்டுப்போர்வை, அது 2002-ல நியூயார்க் விட்னி மியூசியம் சுவத்துல ஓவியமாட்டம் தொங்குச்சு. எனக்கு ராக்கெட்ட விட போர்வைதான் புடிச்சிருக்கு.

சரி, நம்ம வண்டுக்கு வருவோம். அத பல தடவை திருடிட்டுப் போயிருக்காங்க, 1998-ல சிலையவே ஒடைச்சிட்டாங்க, ஒரிஜினல் இப்ப மியூசியத்துல, ரோட்டுல நிக்கிறது நகல்.

உங்கள ஒருவழி பண்ணிட்டு கடைசில நல்லது பண்ணுன பூச்சி ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க. கொசுன்னு போட்டா ப்ளாக்தான்!