வளையல் ஏறாத கை

மேடையில இருக்குற ஊராட்சித் தலைவரம்மா அவர்களே, துணைத் தலைவர் அண்ணன் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா அவர்களே, பந்தல் போட்டுக் குடுத்த தம்பிமார்களே, பேரு விட்டுப்போன பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது, எல்லாருக்கும் வணக்கம். பதினெட்டு முடியாத புள்ள மாசமானா என்ன ஆபத்து, எப்டி பாத்துக்கணும், சட்டம் என்ன சொல்லுது, இந்த மூணும் பேசச் சொன்னாங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்கல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

நான் நர்ஸா இருந்தப்ப ஒரு வளைகாப்பு. பொண்ணுக்கு பதினேழு வயசு. வளையல் கையில ஏற மாட்டேங்குது. அத்தைக்காரி சோப்பு போடுறா, சின்னம்மா தேங்காண்ண தடவுறா, நாத்தனாரு வளையக்காரர்கிட்ட சைஸ் மாத்திக் குடுத்துட்டீங்கன்னு சண்டைக்கே போயிருச்சு, அந்தப் பக்கம் மாமனாரு பந்திக்கு நேரமாச்சுன்னு கத்துறாரு. அந்தப் புள்ள தலவலிக்குது, கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொல்லுது, யாரு காதுலயும் விழல. தலச்சன்னா கை கால் வீங்கத்தான் செய்யும்னு பாட்டி தீர்ப்பே சொல்லிருச்சு. நான் பிரஷர் பாத்தா 160க்கு 110! 140க்கு 90 வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். 108ஐ வரச்சொல்லி மாலையோட ஏத்தி விட்டேன். விட்டிருந்தா வலிப்பு வந்து ஜன்னி கண்டிருக்கும். கொறமாசக் கொழந்த, 1.8 கிலோ, ரெண்டு உசுரும் பொழச்சது டாக்டருங்க புண்ணியம்.

தாயே வளர்ற வயசு, இடுப்பெலும்பு முழுசா வளந்திருக்காது, ரத்தமும் பத்தாது. ஹீமோகுளோபின் 11க்கு கீழ போனாலே ரத்தசோகைதான். 12 வாரத்துக்குள்ள பதிஞ்சிரணும், இரும்புச்சத்து மாத்திர 180 நாளும் போடணும், டீயோட போட்டா உடம்புல சரியா சேராது. மலம் கருப்பா போவுதுன்னு பயந்து நிறுத்தாதீங்க. போலீஸ் கேஸ் ஆயிரும்னு புள்ளய வீட்லயே ஒளிச்சு வைக்கிறாங்க பாருங்க, அதான் பெரிய ஆபத்து, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சரி, அந்தப் புள்ளைக்கு ஏன் அந்த வயசுல கல்யாணம்? பத்தாவதோட நின்னுருச்சு. ஏன் நின்னுச்சு? பிளஸ் டூ ஸ்கூல் டவுன்ல, ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சா ஊருக்கு பஸ் இல்ல. இருட்டுல நடந்து வரணும், அப்பன் பயந்து மாப்பிள்ள பாத்துட்டான். மகளிருக்கு டிக்கெட் ஃப்ரீதான், பஸ்ஸு வந்தாத்தானே ஃப்ரீ? புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, அதுவும் பிளஸ் டூ தாண்டி காலேஜ் போனாத்தான். அப்புறம் மாத்திர குடுத்து, பிரஷர் பாத்து... கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

சட்டத்த டாக்டரம்மா சொல்லுவாங்க, எங்கயாவது சின்னப் புள்ளைக்கு கல்யாணம்னா கொழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு சொல்லுங்க, அவ்ளோதான். சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸுக்கு மனு எழுதி பின்னாடி பெஞ்சுல வச்சிருக்கு. கையெழுத்து போட்டுட்டு சுண்டல் வாங்கிக்குங்க, தலைவரம்மா முதல் கையெழுத்து நீங்க போடுங்கம்மா.