இரண்டு மருந்து, ஒரே குழாய்

நேயர்களுக்கு வணக்கம். சொரியாசிஸ் என்ற தோல் படை உள்ளவர்கள் காலையில் போர்வையை உதறினால் செதில் செதிலாக உதிரும். சாதாரணமாகத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். இந்தப் படையில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் மேலே வந்து குவிகின்றன. தொட்டால் ஒட்டாது. மறுபடியும் சொல்கிறேன், இது தொட்டால் ஒட்டாது.

இதற்கு இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்த களிம்பு உண்டு. ஒன்று பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு; சிவப்பையும் அரிப்பையும் தணிக்கும். மற்றது கால்சிபோட்ரியால், வைட்டமின் டி வகை. செல் பெருகும் வேகத்தைக் குறைக்கும். இந்த வகை மருந்துக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்காக வைட்டமின் டி வகை மாத்திரை சாப்பிட்ட ஒருவருக்கு, யாரும் எதிர்பாராமல் சொரியாசிஸும் தணிந்தது. 1985-இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதினார்கள். எலும்புக்குக் கொடுத்தது தோலில் வேலை செய்தது! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

சரி, இரண்டையும் தனித்தனியாக வாங்கி நாமே கலந்துகொண்டால் என்ன? என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான், ஆனால் வேறொரு களிம்போடு, கலந்துபார்த்தார். செதில் உதிர்வதற்கான சாலிசிலிக் அமிலக் களிம்பையும் கால்சிபோட்ரியாலையும் உள்ளங்கையில் குழைத்துப் பூசினார். மாதக்கணக்கில் பலனே இல்லை. அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் கெட்டுப்போகும். ஸ்டீராய்டோடு கலப்பதிலும் சிக்கல்தான்: கால்சிபோட்ரியாலுக்குக் காரத்தன்மை வேண்டும், ஸ்டீராய்டுக்கு அமிலத்தன்மை வேண்டும். தண்ணீரில்லாத களிம்பாகச் செய்துதான் இரண்டையும் ஒரே குழாயில் குடியிருக்க வைத்தார்கள். வீட்டில் கலக்காதீர்கள்.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். பூசியதும் கையைக் கழுவுங்கள். நாளுக்கு ஒரு முறை, பொதுவாக 4 வாரம். முகம், அக்குள், தொடை இடுக்கு வேண்டாம். அங்கே தோல் மெல்லியது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்கிப் பூசினால் தோல் மெலியும். திடீரென்று நிறுத்தினால் படை முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். தலைக்கு ஜெல்லாகவே இந்தக் கூட்டு மருந்து வருகிறது. அலசும்போது முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த தலையில் ஷாம்பு தேய்த்து, ஓரிரு நிமிடம் விட்டு, அப்புறம் அலசுங்கள். பிசுபிசுப்புப் போய்விடும். வணக்கம்.